பதினாறு வாரமும் அசையாத முளைகள்

வெள்ளிக்கிழமை போக வேண்டியவன் வியாழக்கிழமையே போய்த் தொலைந்தேன். வெள்ளிக்கிழமை பக்கத்து ஊரான திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டக்காரர் தன் தடுப்புச்சுவரைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார். ஒரு நாள் முன்னாலேயே தேயிலைத் தோட்டத்து அளவெடுப்பை முடித்துவிட்டால் அலைச்சல் மிச்சம் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கெல்லாம் அப்படித்தான்.

என் பெயர் ஜெகதீஸ்வரன். நிலவியலாளன். பிரிஞ்சாங் மலையூரில் ஒரு பூக்கடைக்கு மேலே அறை எடுத்து இருபத்தேழு வருஷமாகத் தொழில் செய்கிறேன். இந்தச் சரிவு நிற்குமா, இங்கே வீடு கட்டலாமா என்று கேட்பார்கள். போய்ப் பார்த்து, அளந்து, கையெழுத்துப் போட்டு, பதிவு எண் உள்ள முத்திரையைக் குத்திக் கொடுப்பேன். கொடுத்த கடிதம் ஒன்றைக்கூட இதுவரை திரும்ப வாங்கியதில்லை. இதைக் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிப் பீற்றிக்கொண்டவன் நான்.

போன நவம்பர் மழையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் லயத்துக்குப் பின்னால், மேட்டின் தலையில், நீளமாக ஒரு வெடிப்பு விட்டது. லயத்தில் ஒரே வரிசையாக ஒன்பது தொழிலாளர் வீடுகள். ஒன்பது குடும்பங்களையும் அன்றைக்கே தோட்டத்து மண்டபத்துக்கு மாற்றச் சொன்னேன். அங்கே டேவான் என்பார்கள். பூப்பந்து ஆடுகிற இடம். நடுவில் சேலைகளைக் கட்டித் தடுத்துக்கொண்டு, இரண்டே கழிப்பறைக்கு வரிசையில் நின்றுகொண்டு, அந்த ஒன்பது குடும்பமும் நான்கு மாதம் அங்கே கிடந்தன.

வெடிப்புக்கு மேலே மூன்று முளைக்குச்சி, கீழே மூன்று முளைக்குச்சி அடித்தேன். தலையில் சிவப்புச் சாயம். மண் கீழே இறங்கினால் கீழ்க்குச்சி அதோடு சேர்ந்து இறங்கும், இரண்டுக்கும் நடுவில் தூரம் கூடும். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மழைத்தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க வெடிப்பின் மேல் நீலக் கன்வாஸ் போர்த்தச் சொன்னேன். வாரா வாரம் வெள்ளிக்கிழமை போய் டேப்பைப் பிடித்து அளந்தேன். முதல் வாரம் ஒரு மீட்டர் இருபது. இரண்டாம் வாரம் ஒரு மீட்டர் இருபது. பதினாறாம் வாரமும் ஒரு மீட்டர் இருபது. ஒரு மில்லிமீட்டர் பிசகவில்லை. மலை அவ்வளவு ஒழுக்கமாக இருக்காது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. திங்கட்கிழமை, சரிவு அசையவில்லை, குடும்பங்கள் திரும்பலாம் என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு வாரம் அளப்பது வெறும் சம்பிரதாயம்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நல்ல நேரம், எல்லாரும் பால் காய்ச்சிக் குடிபோகிறார்கள் என்று தோட்டம் முழுக்கப் பேச்சு.

வியாழன் மாலை நான்கு மணிக்கு மேட்டில் ஏறினேன். கங்காணி சிவசாமி வெடிப்புக்குக் கீழே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு மரச்சுத்தி. பக்கத்தில் நேராகச் சீவிய ஒரு மூங்கில் குச்சி. என்னுடைய சிவப்புத்தலை முளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, மூங்கிலை மேல் முளைக்கும் கீழுக்குமாகப் பிடித்து அளவு பார்த்து, அந்த அளவில் முளையை மறுபடி அடித்துக்கொண்டிருந்தார்.

விறுவிறுவென்று பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன செய்றீங்க கங்காணி?"

அவர் திரும்பிச் சிரித்தார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன், முப்பது வருஷம் தேயிலைக் கன்று நடுவதற்குக் குச்சி அடித்துக் கோடு பிடித்தவர். அவர் பிடித்த கோட்டில் நூல் கட்டிப் பார்த்தாலும் கோணல் இருக்காது என்பார்கள். லயத்தில் நாலாம் நம்பர் வீடு அவருடையது.

"என்னா சார், நாளைக்கில்ல வருவீங்க? குச்சி கொஞ்சம் எறங்கிப் போச்சு சார். சரி பண்ணிக்கிட்டு இருக்கேன்."

"எறங்கிப் போச்சா?"

"வாரா வாரம் எறங்குது சார். வியாழக்கெழமை கொழுந்து நிறுத்து முடிச்சுட்டு வந்து நேரா அடிச்சு வச்சுட்டுப் போயிருவேன். நீங்க வந்து பாக்குறப்ப கோணலா கெடந்தா நல்லாவா இருக்கும்? மொத நாளே உங்க குச்சிக்கு நடுவுல அளவு எடுத்து மூங்கி வெட்டி வச்சுட்டேன்லா. ஒரு நூலு தப்பாது."

நூல் தப்பவில்லைதான். துரை வருகிறார் என்றால் முதல் நாளே புல் செதுக்கி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, கோணலை நிமிர்த்தி வைப்பது அந்தத் தோட்டத்தில் வேலை செய்கிற முறை. நானும் ஒரு குட்டித் துரை. எனக்காகவும் நிமிர்த்தி வைத்திருக்கிறார்.

"யாருய்யா உங்கள நிமிர்த்தச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நீங்கதான் சார் சொன்னீங்க. குச்சிய பத்திரமா பாத்துக்குங்க, ஆடு மாடு வந்து சாய்ச்சிரக் கூடாதுன்னு."

சொன்னேன். அதை மட்டும்தான் சொன்னேன். குச்சி எதற்கு என்று மேனேஜரிடம் ஆபீசில் உட்கார்ந்து ஆங்கிலத்தில் அரை மணி நேரம் படம் போட்டு விளக்கினேன். குச்சியோடு இருக்கப்போகிற மனுஷனிடம் ஆடு மாட்டைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கன்வாஸைத் தூக்கினேன். பதினாறு வாரத்தில் ஒரு தடவையாவது தூக்கியிருக்க வேண்டிய கன்வாஸ். உள்ளே வெடிப்பு ஒரு முழம் அகலம். அதிலும் வாராவாரம் மண்ணைப் போட்டு மிதித்துச் சமன் செய்திருக்கிறார். கீழ் முளைக்குக் கீழே புல்லை விலக்கினேன். முளை முன்பு இருந்த பழைய குழிகள் வரிசையாகச் சரிவில் இறங்கிப் போயிருந்தன. அடியில் இருந்தவை ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரு கீறலாகத் தெரிந்தன. மேலே இருந்த நாலு குழிகள் தனித்தனியாக இருந்தன. அடிக்குழியிலிருந்து இப்போதைய முளை வரைக்கும் டேப்பைப் பிடித்தேன். நாற்பத்தேழு சென்டிமீட்டர்.

"போன வாரம் எவ்வளவு எறங்கிச்சு?"

விரல்களைச் சேர்த்துக் காட்டினார். "மொதல்ல ஒரு வெரக்கடை சார். அப்புறம் ரெண்டு. இந்த வாரம் நாலு."

கூடிக்கொண்டே போகிறது. ஏப்ரல் மழைக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்த மேட்டுக்குக் கீழே நாளைக் காலை ஒன்பது மணிக்கு ஒன்பது குடும்பம் குடிவருகிறது, என் கையெழுத்தை நம்பி.

தோட்டத்தில் போன் நன்றாகக் கிடைக்கிற இடம் கொழுந்து நிறுக்கிற கொட்டகை ஒன்றுதான். அங்கே போய் நின்றேன். கோலாலம்பூரில் எங்கள் சங்கத்தில் தொழில்முறை ஆலோசனை மேசை என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பொறியாளர்களும் நிலவியலாளர்களும் இக்கட்டில் மாட்டினால் வழி கேட்கலாம். இருபத்தேழு வருஷமாகச் சந்தா கட்டுகிறேன், ஒரு தடவை கூப்பிட்டதில்லை. கூப்பிட்டேன். பாட்டுப் போட்டார்கள். ஆறு நிமிஷம் பாட்டு.

"ஆலோசனை மேசை, பூவிழி பேசுறேன்."

குரலைப் பார்த்தால் முப்பது வயதுப் பெண். நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். என்ன சொன்னேன் தெரியுமா? எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர், அவரும் நிலவியலாளர், ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், இப்போது அளவுகளில் சின்னச் சந்தேகம் என்றேன்.

"சின்னதுன்னா எவ்வளவு சார்?"

"நாற்பத்தேழு சென்டிமீட்டர்."

"உங்க நண்பர் இப்ப என்ன செய்யலாம்னு இருக்கார்?"

"புதுசா முளை அடிச்சு ஒரு மாசம் சரியா அளந்துட்டு, திருத்தின அறிக்கை குடுக்கலாம்னு இருக்கார். முறைப்படி அதுதானே சரி? தரவு இல்லாம எப்படி எழுதுறது?"

"அந்த ஒரு மாசம் அந்தக் குடும்பங்க எங்க தூங்குவாங்க சார்?"

எனக்கு எரிச்சல் வந்தது. நான் கேட்டது ஒன்று, இவள் கேட்பது ஒன்று. "அம்மா, நீங்க ஆலோசனை சொல்ற இடம். கடிதத்தைத் திரும்ப வாங்கணுமா வேண்டாமா? ஒரு வார்த்தை சொல்லுங்க."

"நான் அந்த மேட்டைப் பாக்கல சார். பாத்தவர் உங்க நண்பர். முடிவு அவரோடது. நம்ம சங்கத்து நெறி வழிகாட்டியில ஏழாம் பகுதி படிச்சாரா?"

"படிச்சார்" என்று பொய் சொன்னேன்.

"அதுல வரிசையா இருக்கு. கையெழுத்து போட்டது தப்புன்னு தெரிஞ்சா, வேலை குடுத்தவருக்கு உடனே எழுத்துல சொல்லணும். அவர் கேக்கலைன்னா, ஆபத்து இருக்குன்னா, அதிகாரிங்களுக்குச் சொல்லணும். அந்தக் கடிதத்தை நம்பி நடக்கிறவங்களுக்கும் தெரியணும். உங்க நண்பர்கிட்ட ஒண்ணு மட்டும் கேளுங்க. அவங்களுக்குத் தெரியுமா?"

போனை வைத்தேன். ஒரு வார்த்தை கேட்டால் மூன்று கேள்வி கேட்கிற இவளுக்கு என் சந்தாவில் சம்பளம் என்று கொட்டகைச் சுவரைப் பார்த்துத் திட்டினேன்.

மேனேஜர் திருமாறனிடம் போனேன். படித்த பிள்ளை, கெட்டவன் இல்லை. விஷயத்தைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சார், விளையாடாதீங்க. லோரிக்குச் சொல்லியாச்சு. டேவான்ல சனிக்கிழமை ஒரு கல்யாணம். திங்கக்கிழமைதான் உங்க லெட்டரைத் தலைமையகத்துக்கு அனுப்பினேன். இப்ப தப்புன்னா நான் என்ன சொல்றது? கங்காணி குச்சியை நோண்டினார்னா?"

"மண் இறங்குதுன்னு சொல்லுங்க."

"நாலு மாசம் இறங்கின மண்ணு இன்னும் நாலு நாள் நிக்காதா? திங்கக்கிழமை எழுத்துல குடுங்க. பேசிக்கலாம். இப்பதைக்கு யார்கிட்டயும் வாயத் திறக்காதீங்க."

பிரிஞ்சாங்குக்குத் திரும்பினேன். காரை ஓட்டிக்கொண்டே எல்லாரையும் திட்டினேன். நேராக அடித்த சிவசாமியை, நாலு நாள் கேட்ட திருமாறனை, கேள்வி கேட்ட பூவிழியை. பாதி வழியில் ஆள் தீர்ந்துபோய் என்னைத் திட்ட ஆரம்பித்தேன். அறைக்குப் போய் ஏழாம் பகுதியை எடுத்துப் படித்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. அதிலும் எரிச்சல்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மறுபடி கூப்பிட்டேன். பாட்டு நாலு நிமிஷம்.

"சார், உங்க நண்பர் எப்படி இருக்கார்?"

"நண்பர் இல்லை. நான்தான்."

"தெரியும் சார்" என்றாள், எந்தக் கேலியும் இல்லாமல். "மேனேஜர் என்ன சொன்னார்?"

"திங்கக்கிழமைன்னு சொல்றார். வாயத் திறக்காதேன்னு சொல்றார். வேலை குடுத்தவர் ரகசியத்தைக் காப்பாத்தணும்னும் உங்க வழிகாட்டியிலதான் இருக்கு. எதைத்தான் செய்யறது?"

"உயிருக்கு ஆபத்துன்னா ரகசியம் பின்னால நிக்குதுன்னு அடுத்த வரியிலயே இருக்கு சார்."

"அப்ப நான் போய்ச் சொல்லணும்னு சொல்றீங்க."

"நான் சொல்லல சார். ஒண்ணு கேக்கறேன். இன்னிக்கு அங்க பால் காய்ச்சினா, உங்க வீட்டு ஆளுங்களை அந்த வீட்டுக்குள்ள அனுப்புவீங்களா?"

"மாட்டேன்" என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கீழே பூக்கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப மணி எட்டு அஞ்சு சார்" என்றாள் பூவிழி.

இரண்டு கடிதம் அடித்தேன். ஒன்று தோட்டத்துக்கு, திங்கட்கிழமைக் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று. இன்னொன்று மாவட்ட அலுவலகத்துக்கு. இரண்டிலும் முத்திரையைக் குத்தினேன். திரிங்காப்காரருக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டு, மாவட்ட அலுவலகக் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டுக் காரை எடுத்தேன்.

லயத்தின் முன்னால் லோரி நின்றது. மெத்தைகள், அரிசி மூட்டை, சாமி படம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இறங்கிக்கொண்டிருந்தன. வாசலில் மாவிலைத் தோரணம். ஐந்தாம் நம்பர் வீட்டில் கொழுந்து பறிக்கிற தங்கம்மா அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் நுரை கட்டிக்கொண்டிருந்தது.

"அடுப்பை அணைங்க" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"யாரும் உள்ள போக வேண்டாம். திங்கக்கிழமை நான் குடுத்த கடிதம் தப்பு. இந்த மேடு எறங்கிக்கிட்டு இருக்கு. அரை மீட்டர் எறங்கியிருக்கு. வேகமும் கூடுது."

சாமான் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். முதலில் பேசியது தங்கம்மாதான்.

"என்னா சார் பேசுறீங்க? நாலு மாசம் டேவான்ல கெடந்தோம். பொம்பளப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு சேலைய கட்டிக்கிட்டு கெடந்தோம். நீங்க சூராட் எழுதிக் குடுத்தீங்கன்னுதான் வந்தோம். இப்ப தப்புன்னா, நாளைக்கு வந்து இதுவும் தப்புன்னு சொல்ல மாட்டீங்களா? எந்தச் சூராட்ட நாங்க நம்புறது?"

நியாயமான கேள்வி. அவர் பேசப் பேச எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் இல்லை. சிவசாமி லோரிக்குப் பக்கத்தில் தலையில் ஒரு டிரங்குப் பெட்டியோடு நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. நேற்று நான் கத்தியது எதற்கு என்று இப்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவரைப் பார்த்து ஒரு விரல் காட்டினால் போதும், அத்தனை பேர் கோபமும் அந்தப் பக்கம் திரும்பிவிடும். காட்டத்தான் கை வந்தது. அதை மறைப்பானேன், ஆனால் காட்டவில்லை.

"அளவு தப்பாப் போனதுக்கு நான்தான் காரணம்" என்றேன். "அந்தக் குச்சி எதுக்குன்னு இங்க இருக்கிற யாருக்கும் நான் சொல்லல. கன்வாஸைத் தூக்கியும் பாக்கல. என்னைத் திட்டுங்க, ஆனா வெளிய நின்னு திட்டுங்க."

திட்டினார்கள். வெளியே நின்றுதான் திட்டினார்கள். அந்த நேரம் திருமாறன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கடிதத்தைக் கொடுத்தேன். மாவட்ட அலுவலகத்துக்கும் போய்விட்டது என்றேன். படித்துவிட்டு, "இனிமே இந்தத் தோட்டத்துல உங்களுக்கு வேலை இல்ல சார்" என்றார். பிறகு லோரிக்காரனைப் பார்த்து, சாமானைத் திரும்ப ஏற்றச் சொன்னார். அதற்காக அவருக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

தங்கம்மா அடுப்பை அணைத்தார். பொங்க ஒரு விரல் இருக்கும்போது பால் அடங்கிப்போனது.

"பொங்காத பாலத் தூக்கிட்டுப் போகச் சொல்றீங்களே சார், இது எங்க போய் முடியுமோ" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு டேவானைப் பார்த்து நடந்தார்.

சனிக்கிழமைக் கல்யாணம் கம்போங் ராஜா ஊர் மண்டபத்துக்கு மாறியது. அதற்கும் பெண் வீட்டார் என்னைத்தான் திட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேதனை. மூன்று வாரம் பளீரென்று வெயில். மேடு பசேலென்று, ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்திருந்தது. சந்தையில் என்னைப் பார்த்தால், "என்னா சார், மலை இன்னும் நிக்குதாம்லா" என்று கேட்டார்கள். திரிங்காப்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டே, விழுந்து தொலையேன் என்று அந்த மேட்டை நினைத்து வேண்டினேன். ஒன்பது வீடு இடியட்டும், என் பெயர் நிமிரட்டும் என்று வேண்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

இதில் சிவசாமி ஒரு புது உபத்திரவம். முளை எதற்கு என்று அந்த வெள்ளிக்கிழமையே டேவான் வாசலில் உட்காரவைத்து, மண்ணில் கோடு போட்டு, முழுசாகச் சொல்லிக் கொடுத்திருந்தேன். யாரும் அவரை அளக்கச் சொல்லவில்லை. எனக்கு அங்கே வேலையும் இல்லை. ஆனாலும் தினமும் காலை ஏழு மணிக்குக் கொழுந்துக் கொட்டகையில் நின்று கூப்பிடுவார்.

"சார், இன்னைக்கு அரை வெரக்கடை. நான் தொடல சார்."

ஒவ்வொரு நாளும் அந்தக் கடைசி வார்த்தை. குளித்துக்கொண்டிருந்தாலும் விடமாட்டார், எடுக்கிற வரைக்கும் அடிப்பார். "தொடலைன்னு எனக்குத் தெரியும் கங்காணி, அதைச் சொல்ல வேண்டாம்" என்று நூறு தடவை சொல்லிவிட்டேன். மறுநாளும் சொல்வார். எண்களை எழுதி வைத்துப் பூவிழிக்கும் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பினேன். பூவிழி, "அளக்கிறவர் மேட்டுக்கு மேல் பக்கம் நிக்கிறாரா சார், கீழ நிக்கிறாரா?" என்று பதில் எழுதினாள். கேள்வி கேட்காமல் இவளுக்கு ஒரு நாள் போகாது. மேல் பக்கம் நிற்கச் சொல்லி உடனே சிவசாமிக்குப் போன் போட்டேன்.

ஏப்ரலில் மழை பிடித்தது. இரண்டு விரற்கடை. நாலு. ஒரு சாண். இரண்டு நாள் விடாமல் பெய்தது.

மூன்றாம் நாள் காலை ஆறே முக்காலுக்கே போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பக்கம் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"கங்காணி? எவ்வளவு?"

"குச்சியக் காணோம் சார்."

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன்.

"மேடே எறங்கிருச்சு சார். மூணாம் நம்பர்லேந்து ஏழாம் நம்பர் வரைக்கும் மண்ணு. என் வீட்டு அடுப்படி இருந்த எடம் தெரியல. தங்கம்மா வீட்டுக்கு மேல கூரைய காணோம்."

"ஆளுங்க?"

"எல்லாம் டேவான்ல தூங்குதுங்க சார். எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்தேன். அம்பத்திரண்டு பேரும் இருக்காங்க."

அழுதுகொண்டிருக்கிறேன் என்பது கன்னம் நனைந்த பிறகுதான் தெரிந்தது. அந்தப் பக்கம் சிவசாமி நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லாததைப் பார்த்து என்ன நினைத்தாரோ, மெதுவாகச் சொன்னார்:

"நான் தொடல சார்."